ஃபியூயல் ட்யூனர் மாட்டிய வண்டி மிஸ்ஸிங் அடித்தால்

பைக்கில் ஃபியூயல் ட்யூனர் (இன்ஜினுக்குப் போகும் பெட்ரோலைக் கூட்டித் தரும் சிறு பெட்டி) மாட்டிய பிறகு வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது (விட்டு விட்டு எரிந்து திணறுகிறது), ஐடிலில் ஆஃப் ஆகிறது, செக் இன்ஜின் விளக்கு எரிகிறது என்றால் பலரும் முதலில் கைவைப்பது, எவ்வளவு பெட்ரோல் கூட்ட வேண்டும் என்று ட்யூனரில் தேர்ந்தெடுக்கும் மேப் சுவிட்சில்தான். கடைசியாகத் தொட வேண்டிய இடம் அது. கோளாறு அநேகமாக ஒரு கனெக்டர் பின்னிலோ, எர்த் வயரிலோ, இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் பெண்ட் பைப்பின் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட்டிலோ இருக்கும்.

இன்ஜெக்டருக்கு இரண்டு வயர். ஒன்றில் 12 வோல்ட் நிற்கும். இன்னொன்றை ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) எர்த் செய்யும் நேரத்துக்கு மட்டும் ஊசி திறந்து பெட்ரோல் பீய்ச்சும். ஐடிலில் இது ஏறக்குறைய 2, 3 மில்லிசெகண்ட். ட்யூனர் இந்த இரண்டாவது வயரின் நடுவே உட்கார்ந்துகொண்டு, ஈசியூ 2 மில்லிசெகண்ட் கேட்டால் அதை 2.2 ஆக நீட்டுகிறது. கூடுதல் பெட்ரோல் வருவது இப்படித்தான்.

சைலன்சர் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் இதைச் சும்மா விடாது. எடையில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற கலவையில் அதன் சிக்னல் 0.45 வோல்ட்டைக் கடக்கும். பெட்ரோல் குறைந்தால் 0.1 பக்கம் இறங்கும், கூடினால் 0.9 பக்கம் ஏறும். அதைப் படிக்கும் ஈசியூ, ட்யூனர் கூட்டிய பெட்ரோலை அப்படியே கழித்துவிடும். அதனால்தான் நல்ல ட்யூனர்கள் சென்சார் வயரையும் தம் வழியாக இழுத்து, சிக்னலைச் சற்றே மாற்றி அனுப்புகின்றன.

‘முதல் சில நாள் பிக்கப் அருமை, இப்போது பழைய மாதிரியே ஆகிவிட்டது’ என்ற புகாரின் காரணம் இங்கேதான் இருக்கிறது. இன்ஜெக்டர் பக்கம் வேலை செய்கிறது, சென்சார் பக்கம் செய்யவில்லை. சீரான வேகத்தில் பயன் எதுவும் இல்லை, முழு ஆக்சிலேட்டர் முறுக்கினால் மட்டும் வித்தியாசம் தெரிகிறது என்றால் சந்தேகமே வேண்டாம்: முழு முறுக்கலில் ஈசியூ சென்சாரைக் கேட்பதில்லை, அங்கே மட்டும் ட்யூனர் தப்பிக்கிறது.

சோதனையை இப்படித் தொடங்குங்கள். சாவியை அணைத்து ஒரு நிமிடம் விட்டு, ட்யூனரின் கனெக்டர்களைக் கழற்றி, கம்பெனி கனெக்டர்களை நேரடியாக ஒன்றோடொன்று மாட்டி ஓட்டுங்கள். அப்போதும் மிஸ்ஸிங் இருந்தால் ட்யூனர்மேல் பழி இல்லை. பிளக், பெட்ரோல் பம்ப், ஏர் ஃபில்டர் பக்கம் போக வேண்டும். ஒன்று கவனம்: ஈசியூ ஏற்கெனவே பெட்ரோலைக் குறைக்கப் பழகியிருந்தால், கழற்றிய உடனே வண்டி லீனாக (பெட்ரோல் குறைந்த கலவையில்) ஓடித் திணறும். பழகியதை அழிக்கும் முறை வண்டிக்கு வண்டி மாறும். பேட்டரியைக் கழற்றினாலே எல்லா வண்டியிலும் அழிந்துவிடாது.

கழற்றியதும் வண்டி சரியாகிவிட்டதா? ஒவ்வொரு கனெக்டரையும் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். ஒரு பின் மட்டும் மற்றவற்றைவிடப் பின்னால் தள்ளிப் போயிருக்கும். அல்லது பெண் முனையின் வாய் அகன்று, ஆண் பின் அதில் தளர்வாக நிற்கும். மல்டிமீட்டர் ஊசியை முன்பக்கமாகக் குத்திச் சோதிக்கும் பழக்கமே இந்த வாயை அகட்டுகிறது. வயர் நுழையும் பின்பக்கத்திலிருந்து மெல்லிய குண்டூசி விட்டுத்தான் அளக்க வேண்டும். பிறகு இன்ஜின் ஐடிலில் ஓடும்போது வயரிங்கை அங்குலம் அங்குலமாக அசைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் இன்ஜின் தடுமாறுகிறதோ அங்கேதான் கோளாறு. பெண்ட் பைப்பில் உரசி உருகிய வயரும் இப்படி அகப்படும்.

எர்த் சோதனையைப் பலர் தவற விடுகிறார்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ட்யூனரின் எர்த் வயரிலும் மற்றதை பேட்டரி நெகட்டிவிலும் வைத்து இன்ஜினை ஓடவிடுங்கள். 0.1 வோல்ட்டுக்குமேல் காட்டினால் எர்த் சரியில்லை. பெயின்ட் பூசிய போல்ட்டில் மாட்டியிருப்பார்கள். கழற்றி நேரே பேட்டரிக்குக் கொண்டுபோவது நல்லது. சென்சார் சிக்னலே ஒரு வோல்ட்டுக்குள் அடங்குவது என்பதால், எர்த்தில் வரும் சிறு பிசகும் ஈசியூவுக்குப் பெரிய பொய்யாகிவிடும்.

0.1 முதல் 0.9 வோல்ட் வரை காட்டும் சென்சார் என்றால், வண்டி நன்றாகச் சூடான பிறகு 3,000 ஆர்பிஎம்மில் பிடித்து சிக்னலை அளங்கள். மேலும் கீழும் ஊசலாடிக்கொண்டே இருக்க வேண்டும். மின்தடை மாறும் வகை சென்சாருக்கு இந்த எண்கள் பொருந்தாது. நான்கு வயர் சென்சாரில் இரண்டு வயர் ஹீட்டருக்கு. அந்தச் சுற்று அறுந்தால் ஸ்கேன் கருவியில் பி0135 என்ற கோளாறு கோட் வரலாம். சிக்னல் சுற்று என்றால் பி0130, முதல் இன்ஜெக்டர் என்றால் பி0201.

சிக்னல் 0.1 பக்கமே ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆனால் பிளக்கைக் கழற்றினால் கறுப்பாக, உலர்ந்த புகைக்கரி படிந்திருக்கிறது. முன்னுக்குப் பின் முரணாகத் தெரியும் இந்த ஜோடிக்குக் காரணம் பெரும்பாலும் பெண்ட் பைப் கேஸ்கெட்டில் கசிவு. சைலன்சரில் புகை அலை அலையாகப் போகிறது. இரண்டு அலைக்கு நடுவே அழுத்தம் குறையும்போது கசிவு வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து லீன் என்கிறது, ஈசியூ பெட்ரோலைக் கொட்டுகிறது, ட்யூனர் அதற்குமேல் இன்னும் சேர்க்கிறது. மைலேஜ் சரியும், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் கெடும். இணைப்பைச் சுற்றிக் கறுப்புக் கோடு இருக்கிறதா பாருங்கள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் அங்கே டிக் டிக் சத்தம் கேட்கிறதா கவனியுங்கள். சைலன்சர் மாற்றும்போது பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போடக் கூடாது.

ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சர் வெடிப்பதை அடக்க மேப்பைக் கூட்டுவதும் வீண் வேலை. ஆக்சிலேட்டரை விட்டதும் பெட்ரோலை ஈசியூ முழுதாக நிறுத்திவிடும் வண்டியில், ட்யூனர் நீட்டுவதற்கு இன்ஜெக்டர் துடிப்பே இருக்காது. அங்கேயும் முதலில் பார்க்க வேண்டியது கசிவுதான்.

ராயல் என்ஃபீல்டு 650 வண்டிகளில் இன்ஜெக்டர் இரண்டு, ஆக்சிஜன் சென்சாரும் இரண்டு. இடது சென்சார் வயரை வலதில் மாட்டிவிட்டால், ஒரு சிலிண்டரின் தப்பை ஈசியூ இன்னொன்றில் திருத்தப் பார்க்கும். ஒன்று மேலும் ரிச் (பெட்ரோல் அதிகம்), மற்றது மேலும் லீன். இரண்டு பிளக்கின் நிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இவை எல்லாம் சரி என்ற பிறகே மேப்பைத் தொடலாம். மிகக் குறைந்த நிலையில் தொடங்கி, ஒவ்வொரு நிலையிலும் ஒரு டேங்க் பெட்ரோல் ஓட்டுங்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்குச் சரியான காற்று-பெட்ரோல் விகிதம் ஏறக்குறைய 13.5, அந்த வித்தியாசத்தைச் சென்சாரைக் கேட்கும் நேரத்தில் ஈசியூவே சரிக்கட்டும். முழு முறுக்கலில் அப்படியில்லை. அங்கே இ20 ஊற்றிய வண்டி லீனாக ஓடினால்தான் மேப்பில் ஒரு நிலை கூட்டுவதற்கு நியாயம் உண்டு.