கேட்காத காது சொன்ன சேதி

2017 ஆகஸ்ட் 17, நம் நேரப்படி மாலை 6 மணி 11 நிமிடம். காரைக்குடியில் இன்னும் பொழுது சாயவில்லை. தென்மேற்கு வானில் சுமார் 40 டிகிரி உயரத்தில் என்ஜிசி 4993 என்ற கேலக்ஸி இருந்தது. 13 கோடி ஒளியாண்டு தொலைவு. வெறும் கண்ணுக்குத் தெரியாது. அங்கே இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (வெடித்து முடிந்த பெரிய விண்மீன்களின் இறுகிய மிச்சங்கள்) மோதியதில் கிளம்பிய ஈர்ப்பு அலை, அதாவது வெளியையே நீட்டிச் சுருக்கும் அதிர்வு, அந்த நிமிடம்தான் பூமியைக் கடந்தது. செட்டிநாட்டையும் தொட்டுவிட்டுத்தான் போயிருக்கிறது.

அந்த அலையைப் பிடிக்க அமெரிக்காவின் ஹான்ஃபோர்டிலும் லிவிங்ஸ்டனிலும் லைகோ கருவிகள் இருக்கின்றன. செங்கோணத்தில் பிரியும் இரண்டு கரங்கள், ஒவ்வொன்றும் 4 கிலோமீட்டர். இரண்டிலும் லேசர் ஓடித் திரும்பும். அலை கடக்கும்போது ஒரு கரம் நீளும், மற்றது குறுகும். எவ்வளவு? ஒரு புரோட்டானின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு நுட்பமான கருவிக்குப் பக்கத்துச் சாலையில் லாரி போனாலும் தொந்தரவுதான். அதனால் ஒரு கருவியின் பேச்சை மட்டும் யாரும் நம்புவதில்லை. ரங்கூன் கடையிலும் பினாங்கு கடையிலும் தனித்தனியே எழுதிய கணக்கை ஊரில் வைத்து ஒத்துப்பார்ப்பது போல, இரண்டு இடத்திலும் ஒரே வடிவம் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

அன்றைக்கு அந்த ஒத்துப்பார்ப்பிலேயே சிக்கல். இரண்டு விண்மீன்களும் ஒன்றாவதற்குச் சுமார் ஒரு விநாடி முன்பு லிவிங்ஸ்டன் கருவியில் பலத்த இரைச்சல் வெடித்தது. தானியங்கி மென்பொருள் அந்தப் பதிவை ஒதுக்கிவிட்டது. ஹான்ஃபோர்டு மட்டுமே கூவியது. ஆனால் மோதலுக்கு 1.7 விநாடி கழித்து விண்வெளியில் இருந்த ஃபெர்மி செயற்கைக்கோள் காமா கதிர் வெடிப்பு ஒன்றைப் பதிவு செய்திருந்தது. இரண்டும் ஒரே நேரம் என்றதும் ஆட்கள் லிவிங்ஸ்டன் தரவைக் கையால் திறந்து பார்த்தார்கள். இரைச்சலுக்கு அடியில் சுமார் 100 விநாடி நீளத்துக்கு சமிக்ஞை தெளிவாகக் கிடந்தது.

சரி, எந்தத் திசை? எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். இத்தாலியில் உள்ள விர்கோ கருவி அந்த மாதம் 1ஆம் தேதிதான் இவர்களுடன் சேர்ந்திருந்தது. அதில் ஏறக்குறைய ஒன்றுமே கேட்கவில்லை. சமிக்ஞையின் வலுவுக்கு விர்கோவுக்கும் நன்றாகவே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை என்றால், அலை விர்கோவின் குருட்டுத் திசைகளில், அதாவது அந்தக் கருவிக்குச் சரியாகக் கேட்காத திசைகளில், ஒன்றிலிருந்து வந்திருக்க வேண்டும். லைகோ இரண்டையும் வைத்து 190 சதுர டிகிரியாக இருந்த தேடல் பரப்பு, விர்கோ சேர்ந்ததும் 31 ஆகச் சுருங்கியது.

அந்தப் பரப்பைக் காட்டும் வான் வரைபடம் வெளியானபோது நமக்கு இரவு 11:24. கேலக்ஸி இங்கே ஒன்பதரைக்கு முன்பே அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது. இந்தியாவில் எவ்வளவு பெரிய தொலைநோக்கி இருந்தும் அன்றிரவு பயனில்லை. இருட்டப்போகும் அடுத்த தேசத்தான் பார்க்க வேண்டும். சிலியில் லாஸ் கம்பானாஸ் மலையில் உள்ள ஸ்வோப் தொலைநோக்கி, வெறும் ஒரு மீட்டர் கண்ணாடி. அங்கே பொழுது சாய்ந்ததும் அந்தப் பரப்பில் உள்ள கேலக்ஸிகளை ஒவ்வொன்றாகப் படமெடுத்தார்கள். நம் அதிகாலை 5 மணி வாக்கில் என்ஜிசி 4993-இல் பழைய படத்தில் இல்லாத ஒரு புள்ளி சிக்கியது. அப்புறம் 9ஆம் நாள் எக்ஸ் கதிர், 16ஆம் நாள் ரேடியோ அலை. புனே அருகேயுள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியும் அந்தத் தொடர் கண்காணிப்பில் இருந்தது.

அந்தப் புள்ளி கிலோநோவா, அதாவது நியூட்ரான் விண்மீன்கள் மோதும்போது எழும் ஒளி வெடிப்பு. கன உலோகங்கள் உருவாகும் உலை. அதன் ஒளியில் ஸ்ட்ரான்சியம் என்ற உலோகத்தின் தடம் இருந்ததை 2019-இல் காட்டினார்கள். தங்கமும் இப்படிப்பட்ட மோதல்களில் பிறப்பதுதான். ஆச்சி பெட்டகத்தில் வைத்திருக்கும் கழுத்துருவின் தங்கத்தில் ஒரு பங்காவது, பூமி உருவாகும் முன்பே எங்கோ நடந்த ஒரு மோதலில் விளைந்திருக்கும்.

இவ்வளவு வேகம் தற்செயலாக வந்ததல்ல. லைகோவும் விர்கோவும் பல பத்து வானியல் குழுக்களோடு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டிருந்தன: சேதியை ரகசியமாகத் தருகிறோம், நீங்கள் திரும்பிப் பாருங்கள் என்று. என்னைக் கேட்டால் லேசரைவிட அந்தக் காகிதங்கள்தான் அன்று பெரிய வேலை செய்தன. 2019 ஏப்ரலிலிருந்து ரகசியமும் இல்லை. எச்சரிக்கைகள் எல்லோருக்கும் பொது. அழகப்பா பல்கலைக்கழக விடுதியில் இருக்கும் மாணவரும் கைப்பேசியிலேயே பெறலாம்.

அடுத்த காது மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில், ஔண்டா அருகே. லைகோ-இந்தியாவுக்கு 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. கருவியின் முக்கியப் பாகங்கள் அமெரிக்காவிலிருந்து வரும். இடம், கட்டடம், வெற்றிடக் குழாய்கள் நம் பொறுப்பு. ஹான்ஃபோர்டுக்கும் லிவிங்ஸ்டனுக்கும் இடையே அலை கடக்க அதிகபட்சம் 10 மில்லி விநாடிதான். ஔண்டா அவ்விரண்டிலிருந்தும் வெகு தொலைவு என்பதால் வந்துசேரும் நேர வித்தியாசம் கூடும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் திசையைக் கணிக்கிறார்கள் என்பதால் திசையும் அந்த அளவுக்குத் துல்லியமாகும்.