குணச்சித்திர நடிகர்: சொல் விளக்கம்

ஆங்கிலத்தில் 'கேரக்டர் ஆக்டர்'. நம் ஸ்டூடியோக்களில் 'கேரக்டர் ஆர்ட்டிஸ்ட்'. அச்சிலும் விருதுப் பட்டியல்களிலும் குணச்சித்திர நடிகர், குணச்சித்திர நடிகை.

ஒரு மனிதரை அவருடைய வயது, நடை, குரல், வட்டாரப் பேச்சு, கோணல் புத்தி எல்லாவற்றோடும் திரையில் கொண்டுவந்து நிறுத்துபவர் என்பது இதன் பொருள். பார்க்கிறவர் கண்ணுக்கு அந்த ஆள்தான் முதலில் தெரிய வேண்டும், நடிகர் அப்புறம். இது நடிப்பு வகையின் பெயர். படத்தின் நடிகர் பட்டியலில் எத்தனையாவது இடம் என்று சொல்லும் பெயர் அல்ல. அமெரிக்க நடிகர்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது நேரும் குழப்பங்களில் பெரும்பகுதி, இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருகிறது.

'கேரக்டர்' என்ற சொல்லின் மூலம் கிரேக்கம். 'கரக்டேர்' என்றால் நாணயத்தில் முத்திரை பதிக்கும் கருவி, அது பதித்த அடையாளம். பிறகு அது ஒரு மனிதருக்கே உரிய தனி அடையாளத்தைக் குறித்தது. அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃப்ராஸ்டஸ் முகத்துதிக்காரன், வாயாடி, கஞ்சன் என்று 30 வகை மனிதர்களைச் சிறு சிறு சொல்லோவியங்களாகத் தீட்டிய நூலுக்கும் இந்தச் சொல்தான் பெயர்.

மேடைக்கு வந்த கதை வேறு. 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில, அமெரிக்க நாடகக் குழுக்கள் நடிகர்களை வேட வகைக்கென்று ஒப்பந்தம் செய்தன. நாயகன், நாயகி, முதல் கிழவர், முதல் கிழவி, நகைச்சுவைக்காரர், 'ஹெவி' எனப்பட்ட வில்லன், கிடைத்ததைச் செய்யும் 'யுட்டிலிட்டி' என்று வகைகள் இருந்தன. ஒரு வகைக்கு எடுக்கப்பட்டவருக்கு அந்த வகை வேடங்களில் உரிமையும் உண்டு. ஆகவே இளைஞர் ஒருவர் கிழவர் வேடத்துக்கென்றே குழுவில் சேர்வதில் வியப்பில்லை. ஹாலிவுட் இந்த வழக்கத்தின் மிச்சத்தைத்தான் எடுத்துக்கொண்டது.

தமிழ்ச் சொல்லில் குணம், சித்திரம் இரண்டும் வடமொழி வழி வந்தவை. என்றாலும் கூட்டு அருமையானது. ஒருவருடைய குணத்தைத் தீட்டிக் காட்டுவது குணச்சித்திரம். தியோஃப்ராஸ்டஸ் செய்தது அதுதான், நல்ல நடிகர் உடம்பால் செய்வதும் அதுதான். தனித்தமிழில்தான் வேண்டும் என்பவர்களுக்குப் 'பண்புரு நடிகர்' (பண்பு + உரு) என்ற ஆக்கத்தைப் பரிந்துரைக்கலாம். ஆனால் முதல் முறை எழுதும்போது பக்கத்திலேயே குணச்சித்திர நடிகர் என்றும் போட்டுவிட வேண்டும். வேரூன்றிவிட்ட சொல்லை அகற்றத் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து.

'துணை நடிகர்' என்று எழுதினால் என்ன கெடும்? அமெரிக்க நடிகர் வால்டர் பிரென்னனின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டால் தெளிவாகும். 1894இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகரில் பிறந்தவர். முதல் உலகப் போரில் பிரான்சில் பீரங்கிப் படையில் இருந்தவர். 1920களில் ஹாலிவுட்டில் கூட்டத்தில் நிற்கும் ஆளாகத் தொடங்கினார். கோடம்பாக்கத்தில் துணை நடிகர் என்றால் இந்த வேலைதான். பின்னர் 1936ஆம் ஆண்டுப் படங்களுக்கு ஆஸ்கர் முதன்முதலாகத் துணை வேடங்களுக்கும் விருது தந்தபோது, 'கம் அண்ட் கெட் இட்' படத்துக்காக அதைப் பெற்றார். அதையும் நம் செய்தித்தாள்கள் 'சிறந்த துணை நடிகர்' என்றே எழுதும். ஒரே வாழ்க்கையில் ஒரே சொல் முதலில் பெயரில்லாத கூட்டத்து ஆளையும், பிறகு விருது வாங்கிய கலைஞரையும் குறிக்கிறது! இரண்டுக்கும் நடுவே அவர் வளர்த்த கலைக்குப் பெயரே இல்லாமல் போகிறது. அதன் பெயர்தான் குணச்சித்திர நடிப்பு.

அவர் 'கென்டக்கி' (1938), 'தி வெஸ்டர்னர்' (1940) படங்களுக்கும் அதே விருதைப் பெற்றார். மூன்று ஆஸ்கர் பெற்ற முதல் நடிகர் இவரே. துணைப் பிரிவில் வென்றவர்களுக்கு அந்நாளில் தரப்பட்டது சிலை அல்ல, பலகை. முழுச் சிலை 1944 விழாவில்தான் வந்தது. கூட்டத்து நடிகர்களுக்கும் அப்போது வாக்குரிமை இருந்ததும், தங்களில் ஒருவரை அவர்கள் கைவிடாததும் இந்த வெற்றிகளுக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

அவர் கையாண்ட கருவிகளைப் பாருங்கள். 1930களின் தொடக்கத்தில் ஒரு விபத்தில் பற்கள் போயின. பல்செட்டைப் போட்டால் நடுவயது, கழற்றினால் கன்னம் ஒட்டிப் பேச்சு குழறும் கிழவர். வேடம் கேட்டு வந்தபோது "பல்லோடவா, பல்லில்லாமலா?" என்று கேட்டாராம், இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ் பின்னாளில் சொன்னது. 'ரெட் ரிவர்' (1948) படத்தில் அவருடைய பாத்திரம் சீட்டாட்டத்தில் பல்செட்டையே தோற்றுவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் கேட்டு வாங்கும். 'ரியோ பிராவோ'வில் (1959) நொண்டிக்கொண்டே சிறையைக் காக்கும் கிழவர். 44 வயதிலேயே முதியவராக நடித்து விருது வாங்கியவர், 1957 முதல் 1963 வரை தொலைக்காட்சித் தொடரில் தாத்தாவாக வந்தபோதுதான் வயது வேடத்தை எட்டியது.

தமிழில் இந்தச் சொல் பாசமுள்ள அப்பா, பொறுப்பான அண்ணன் பக்கமாகச் சுருங்கிவிட்டது. 'குணம்' என்றாலே நல்ல குணம் என்று காதில் விழுவதால் இருக்கலாம். ஆங்கில வழக்கில் அந்த எல்லை கிடையாது. 'மை டார்லிங் கிளமன்டைன்' (1946) படத்தில் சொந்தப் பிள்ளைகளையே சாட்டையால் அடிக்கும் கொடிய கிழவனாக வருபவரும் இதே பிரென்னன்தான்.

நாயக வேடம் ஏற்றால் இந்தப் பெயர் போய்விடுமா? போகாது. ஹாரி டீன் ஸ்டான்டன் 1926இல் கென்டக்கியில் பிறந்து, பல ஆண்டுகள் சிறு வேடங்களில் வந்து, 'பாரிஸ், டெக்சாஸ்' (1984) படத்தைத் தன் தோளில் சுமந்தார். அதற்குப் பிறகும் குணச்சித்திர நடிகர்தான். இன்னொரு குணச்சித்திர நடிகர் எம். எம்மெட் வால்ஷ் 'பிளட் சிம்பிள்' படத்துக்கு வாங்கியது, அமெரிக்காவில் சுயாதீனப் படங்களுக்குத் தரப்படும் இண்டிபென்டென்ட் ஸ்பிரிட் விருதுகளில் சிறந்த நாயகன் விருது. ஆக, பட்டியலில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்பதெல்லாம் இங்கே அளவுகோல் அல்ல. இடத்தைச் சொல்ல வேண்டுமானால் 'துணை வேடம்' என்று வேடத்துக்கு அடை கொடுங்கள், ஆளுக்கு வேண்டாம். விருதின் பெயரில் மட்டும் 'துணை நடிகர் விருது' என்பதை மாற்ற முடியாது.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில. 'குணசித்திர' என்பது பிழை, ச் மிகும். 'பாத்திர நடிகர்' பொருள் தராது, நடிகர் எல்லோரும் ஏதோ ஒரு பாத்திரத்தைத்தான் ஏற்கிறார்கள். ஓரிரு காட்சியில் புகழ்பெற்றவர் வந்து போவது கௌரவ வேடம். அதையும் இதோடு சேர்க்கக் கூடாது. கூட்டத்தில் நிற்பவரைத் துணை நடிகர் என்றே எழுதலாம், தொழிலில் உள்ளவர்களுக்கு அது சட்டென்று புரியும். 'வெட்டரன்' என்ற அடைமொழிக்கு, வாழும் கலைஞரானால் 'மூத்த', கறுப்பு வெள்ளைக் காலத்தவரானால் 'பழம்பெரும்' பொருந்தும். அப்படியென்றால் பிரென்னன் பழம்பெரும் குணச்சித்திர நடிகர்.