சுவரைப் பார்க்கும் முன் மொட்டை மாடிக்கு ஏறுங்கள்

பழைய கட்டடம் ஒன்றைப் பார்க்கக் கூப்பிடுவார்கள். போனதும் பொறுப்பாளர் நேராக ஒரு சுவரின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார். காரை பெயர்ந்திருக்கும், வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். "இதை மட்டும் பூசிக் கொடுத்துட்டா போதும் சார்" என்பார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு, மாடிக்கு வழி எது என்று கேட்பேன். அங்கேதான் சிக்கல் தொடங்கும். மேலே யாரும் ஏறிப் பல வருஷம் ஆகியிருக்கும், சாவியைத் தேடவே அரைமணி நேரம் போய்விடும்.

ஏறிப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். மழைநீர்க் குழாயின் வாயில் சருகு அடைத்து, சருகின்மேல் மண் சேர்ந்து, பறவை எச்சத்தோடு விழுந்த விதை முழங்கால் உயரச் செடியாக நிற்கும். வெளியேற வழியில்லாத தண்ணீர் தளத்தில் தேங்கி, சுவருக்குள் இறங்கி, கீழே அவர் காட்டிய இடத்தில் உப்பாகப் பூக்கிறது. செடியைப் பார்த்ததும் யாராவது ஒருவர் பாய்ந்து பிடுங்கப் போவார். வேண்டாம், வேரோடு நாலு செங்கல்லும் சேர்ந்து வரும். தண்டை வெட்டி, வேரைப் பட்டுப்போக வைத்து, அது காய்ந்தபிறகுதான் எடுக்க வேண்டும்.

பாரம்பரியச் சின்னங்களுக்கு ஆபத்து என்றால் போர், நிலநடுக்கம், தீ என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். அவையும் உண்டு. ஆனால் என் வேலையில் நான் பார்த்த கட்டடங்களில் பெரும்பாலானவற்றைக் கெடுத்தது அடைத்துக்கொண்ட குழாய்தான். அதற்கு அடுத்தபடியாக, அக்கறையோடு செய்த அவசர ரிப்பேர்.

இரண்டாவதை நானே செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட செங்கல் சுவர் ஒன்றில் இடுக்குகளில் இருந்த சுண்ணாம்புச் சாந்து அரித்துப் போயிருந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, நல்ல கெட்டியான சிமென்ட் கலவையால் அடைக்கச் சொன்னேன். வேலை முடிந்த அன்று சுவர் புதிதுபோல இருந்தது, எல்லாரும் கைகுலுக்கினார்கள். மூன்று மழைக்காலம் கழித்துப் போய்ப் பார்த்தேன். நான் வைத்த சிமென்ட் கோடுகள் அப்படியே முறுக்காக நின்றன. செங்கற்களின் முகம் மட்டும் பொரிந்து உதிர்ந்து, ஒவ்வொன்றும் உள்ளே குழிந்து போயிருந்தது. தேன் எடுத்த கூடு மாதிரி இருந்தது சுவர்.

காரணம் ரொம்ப எளிது. பழைய சுவர் ஈரத்தை உள்ளே வாங்கும், வெயில் வந்தால் வெளியே விடும். சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது, நுண்துளைகள் நிறைந்தது. அதனால் ஈரமும், ஈரத்தோடு வரும் உப்பும் சாந்து வழியாகவே வெளியேறும். தேய்ந்தால் சாந்துதான் தேயும், அதை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் செங்கல் வழியாகத்தான் வெளியேற வேண்டியிருக்கிறது. உப்பு செங்கல்லின் முகத்துக்குப் பின்னால் படிகமாகி, முகத்தையே தள்ளிவிடுகிறது. சிமென்ட் கெட்ட பொருள் இல்லை. புதுக் கட்டடத்துக்கு அது சரி. பழைய சுவருக்கு அதன் பலமே வினை.

சுண்ணாம்பின் கதையே ஒரு சுற்று. சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கரியமில வாயு பிரிந்துபோகும். நீர் ஊற்றினால் கொதித்து நீறும். சுவரில் பூசியபிறகு காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சித் திரும்பவும் கல்லாகும். இந்த "மெல்ல மெல்ல" என்பதுதான் இன்றைய ஒப்பந்தங்களுக்கு ஒத்துவருவதில்லை.

என்னுடைய தவறு சின்னது. உலகப் புகழ்பெற்ற இடத்திலேயே இது நடந்திருக்கிறது. ஏதென்ஸின் பழங்காலக் கோயிலான பார்த்தெனானைக் கட்டியவர்கள் சலவைக்கற்களை இரும்புப் பற்றுகளால் பிணைத்து, துருப்பிடிக்காமல் இருக்க ஈயத்தை உருக்கி ஊற்றியிருந்தார்கள். 19-ம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அதைச் சீரமைத்தபோது ஈயக் காப்பில்லாத இரும்பைப் போட்டுவிட்டார்கள். இரும்பு துருப்பிடித்தால் பல மடங்கு பருக்கும். பருத்தது, கல்லைப் பிளந்தது. 1975-ல் இதற்கென்றே ஒரு குழு அமைத்து, அந்த இரும்பை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு டைட்டானியம் போட்டுவருகிறார்கள். முதல் ரிப்பேரைச் சரிசெய்ய அடுத்த ரிப்பேருக்குப் பல பத்தாண்டுகள்!

பழைய சின்னங்களை எப்படிப் பாதுகாப்பது என்று 1964-ல் எழுதப்பட்ட சர்வதேச ஆவணமான வெனிஸ் சாசனத்தை எங்கள் துறையில் எல்லாரும் படித்திருப்போம். அதில் இரண்டு விஷயம் எனக்கு முக்கியம். பராமரிப்பு விடாமல் நடக்க வேண்டும் என்பது ஒன்று. எங்கே ஊகம் தொடங்குகிறதோ அங்கே சீரமைப்பு நிற்க வேண்டும் என்பது இன்னொன்று. "அந்தக் காலத்துல இப்படித்தான் இருந்திருக்கும்" என்று யாராவது சொல்ல ஆரம்பித்தால் நான் பேனாவை மூடிவிடுவேன்.

ஊகத்தைத் தவிர்க்க ஒரே வழி, கட்டடம் நன்றாக இருக்கும்போதே அதை அளந்து வைப்பது. போலந்தின் தலைநகரான வார்சாவின் பழைய நகரம் இரண்டாம் உலகப் போரில், 1944-ல் பெரும்பகுதி தரைமட்டமானது. போருக்கு முன்பே கட்டடக்கலை மாணவர்கள் வீடு வீடாக அளந்து வரைந்த படங்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றியிருந்தார்கள். அவற்றையும் 18-ம் நூற்றாண்டு ஓவியங்களையும் வைத்துத்தான் நகரத்தைத் திரும்பக் கட்டினார்கள். 1980-ல் அந்தப் பழைய நகரம் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பாரிஸின் நோத்ர் தாம் தேவாலயத்தை ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றுப் பேராசிரியர் லேசர் கருவியால் நூறு கோடிக்கும் அதிகமான புள்ளிகளாகப் பதிவுசெய்து வைத்திருந்தார். 2018 நவம்பரில் அவர் காலமானார். 2019 ஏப்ரல் 15-ல் கூரை எரிந்தது. கட்டடம் 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டதில் அவருடைய பதிவுக்கும் பங்குண்டு.

லேசர் கருவி வேண்டும் என்று மலைக்காதீர்கள். கையில் இருக்கும் போன் போதும். வருஷத்துக்கு ஒருமுறை, அதே இடத்தில் நின்று, அதே நாலு பக்கத்தையும், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்துவையுங்கள். விரிசல் இருந்தால் அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதுங்கள். அடுத்த வருஷம் விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, உடனே ஆளைக் கூப்பிடுங்கள். தாண்டவில்லை என்றால் பதறி இடிக்க வேண்டியதில்லை. பழைய கட்டடத்துக்கு வயதான கோடுகள் இருக்கும்தானே.

காசு இல்லை என்ற பேச்சு எல்லா நாட்டிலும் உண்டு. ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகம் 2018 செப்டம்பர் 2 இரவில் எரிந்தபோது, பக்கத்தில் இருந்த தீயணைப்புக் குழாய்களில் போதிய தண்ணீர் வரவில்லை. அங்கே இருந்தவை சுமார் 2 கோடிப் பொருள்கள். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

இதில் எனக்குப் பெரிய கவலை கல்லைப் பற்றியதுகூட இல்லை, கையைப் பற்றியது. ஜப்பானின் இசே ஆலயத்தை 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டுகிறார்கள், கடைசியாக 2013-ல். மரம் புதிது, கட்டும் முறை பழையது. ஒரு தச்சர் இளைஞராக ஒருமுறை கற்றுக்கொண்டு, அடுத்தமுறை தானே செய்து, அதற்கடுத்தமுறை சொல்லிக்கொடுக்க முடிகிற இடைவெளி அது. எங்கள் துறையில் அந்தச் சங்கிலி பல இடங்களில் அறுந்துவிட்டது. சுண்ணாம்பு நீற்றத் தெரிந்தவர் ஓய்வுபெற்றுவிடுகிறார், கற்றுக்கொள்ள ஆளில்லை. அப்புறம் டெண்டரில் என்ன எழுதினால் என்ன?

சமீபத்தில் ஒரு பழைய மண்டபத்தில் சுண்ணாம்புப் பூச்சு நடந்தது. திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். முதல் பூச்சு முடிந்த மறுநாளே இரண்டாவதை அடிக்கச் சொல்லி எனக்கு மூன்று போன். மேஸ்திரியிடம் சொன்னேன். எழுபதை நெருங்கியவர். பதில் பேசாமல் சுவரில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார், லேசாகப் பள்ளம் விழுந்தது. "கட்டைவிரல் அமுங்கக் கூடாது சார். நகத்தால கீறினா கோடு விழணும். அப்பதான் அடுத்த பூச்சு" என்றார். ஈரச் சாக்கை எடுத்துச் சுவர்மேல் தொங்கவிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "தேதி வச்சவங்களையும் வந்து ஒருதடவை அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்க."