ரெஃப்ரி விலைபோனாரா, நின்ற இடம் தப்பா?

ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டி முதல் வாலிநோக்கம் வரை எந்த ஊரில் கால்பந்து ஃபைனல் நடந்தாலும், கடைசி விசில் ஊதிய ஐந்தாவது நிமிடம் தோற்ற பக்கத்தில் தீர்ப்பு எழுதியாகிவிடும்: "ரெஃப்ரி காசு வாங்கிட்டான்." நடுராத்திரியில் போனைச் சுற்றி உட்கார்ந்து பிரீமியர் லீக் பார்க்கிற பையன்களும், அத்தனை கேமரா இருந்தும், இதையேதான் சொல்கிறார்கள்.

பணம் வாங்கிய நடுவர் உலகத்தில் இல்லாமல் இல்லை. ஜெர்மனியில் ராபர்ட் ஹாய்சர் என்ற நடுவர் சூதாட்டக் கும்பலுக்காக ஆட்டங்களைத் திருப்பியது நிரூபணமாகி, 2005இல் சிறைத் தண்டனை பெற்றார். ஆனால் நம் மைதானங்களில் விழும் தப்பான விசில்களில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் தேவையே இல்லை. இரண்டு அடி தள்ளி நின்றாலே போதும்.

ஆஃப்சைடிலிருந்து ஆரம்பிக்கலாம், சண்டை அதிகம் அங்கேதான். எதிரணிப் பாதியில், பந்தையும் கடைசிக்கு முந்தைய எதிராளியையும் தாண்டித் தலையோ உடம்போ காலோ கோல் கோட்டுக்கு அருகில் இருந்தால் அது ஆஃப்சைடு இடம். கை கணக்கில் வராது. பார்க்க வேண்டியது பாஸ் கொடுப்பவரின் கால் பந்தைத் தொடும் நொடியை. பந்து வந்து சேரும் நொடியை அல்ல. த்ரோ, கோல் கிக், கார்னர் மூன்றிலிருந்தும் நேராக வாங்கினால் ஆஃப்சைடே கிடையாது. அந்த இடத்தில் சும்மா நிற்பதும் குற்றமில்லை. ஆட்டத்தில் தலையிட்டால்தான் கொடி.

பக்கக் கோட்டில் கொடியோடு ஓடும் லைன் ரெஃப்ரி நிற்க வேண்டியது அந்தக் கடைசிக்கு முந்தைய ஆளுக்கு நேர்கோட்டில். வீட்டு வாசலிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு செங்கல்லை ஒரே கோட்டில், பத்தடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள். கோட்டுக்கு நேரே நின்றால் ஒன்று மற்றதை மறைக்கும். வலது பக்கம் இரண்டடி நகருங்கள். தூரத்துச் செங்கல் வலப்புறம் தள்ளி நிற்பதாகத் தெரியும். அந்த வலப்புறம்தான் கோல் என்று வைத்துக்கொண்டால், டிஃபென்டருக்குச் சமமாக, ஆனால் மைதானத்தின் மறுகரையில் ஓடும் ஸ்ட்ரைக்கர் முந்திப்போனது போலவே தோன்றுவார். கொடி உயரும். லைன் ரெஃப்ரி பின்தங்கி நின்றிருந்தால் கதை தலைகீழ், உண்மையான ஆஃப்சைடு தப்பிவிடும். கொடி தவறுவதற்குப் பெரிய காரணம் இந்தப் பார்வைக் கோணம்தான் என்று டச்சு ஆய்வாளர்கள் 2000இல் 'நேச்சர்' இதழில் காட்டினார்கள்.

நம் ஊர் மைதானத்தில் லைன் ரெஃப்ரி நேர்கோட்டில் ஓட முடிகிறதா? பக்கக் கோட்டின் மேலேயே பிளாஸ்டிக் நாற்காலி, அதற்குப் பின்னால் பைக், அதற்குப் பின்னால் சீமைக்கருவேல முள். அவர் உள்ளே ஒதுங்கித்தான் ஓடுவார், பாதி நேரம் நின்றுவிடுவார். கோட்டிலிருந்து இரண்டு மீட்டர் விட்டு ஒரு நைலான் கயிறு கட்டினால் பாதிச் சண்டை குறையும். கயிறுக்கு நம் கரையில் என்ன பஞ்சம்? இன்னொன்று, மாலை ஆட்டங்களில் கிழக்குப் பக்கக் கோட்டில் ஓடுபவருக்குச் சூரியன் நேர் எதிரே. சட்டை நிறமே தெரியாது, நிழலுருவம்தான். இருக்கிற இருவரில் அனுபவசாலியை அந்தப் பக்கம் நிறுத்துங்கள், தொப்பி போட்டுக்கொள்ளட்டும்.

கோடு போடச் சுட்ட சுண்ணாம்பைத் தூவுகிறார்கள். கூடாது. வியர்வையும் அதுவும் சேர்ந்தால் தோல் வெந்துவிடும். சறுக்கி விழுபவரின் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சுண்ணக்கட்டிப் பொடி போதும்.

கோல் வலையை ஆட்டத்துக்கு முன் நடுவர் கையால் தடவிப் பார்ப்பது சடங்கல்ல. 2013 அக்டோபரில் ஹாஃபன்ஹைமுக்கு எதிராக லெவர்குசனின் ஸ்டெஃபான் கீஸ்லிங் தலையால் முட்டிய பந்து கம்பத்துக்கு வெளியே போய், பக்க வலையின் ஓட்டை வழியாக உள்ளே விழுந்தது. கோல் என்றே கணக்காகி, முடிவும் மாறவில்லை. அது ஜெர்மனியின் முதல்நிலை லீக். வலையே கட்டாத கம்பங்களுக்கு நடுவே விளையாடும் ஊரில் "உள்ளே போச்சா, வெளியே போச்சா" என்று அடித்துக்கொள்வதில் ஆச்சரியமில்லை. கிழிந்த பழைய வலையை வீட்டுக்கு வீடு சரிபார்க்கத் தெரிந்த ஊர்களில் இது நடப்பதுதான் வேடிக்கை.

ஹேண்ட்பால் பற்றிச் சுருக்கமாக. கையில் பட்டாலே தப்பு என்று விதியில் இல்லை. வேண்டுமென்றே தொட்டால் தப்பு. உடம்பின் அசைவுக்குப் பொருந்தாத வகையில் கையை விரித்து உடம்பைப் பெரிதாக்கியிருந்தால் தப்பு. தெரியாமல் பட்டாலும் அடுத்த கணமே அவரே கோல் அடித்தால் தப்பு. அக்குளின் கீழ்விளிம்புக்கு மேலே பட்டால் அது தோள். "காக்கா (அண்ணே), கையில பட்டுச்சு காக்கா!" என்று கத்துவதற்கு முன் இந்த நான்கையும் ஓட்டிப் பார்க்க அரை நொடிதான் கிடைக்கும். நடுவருக்கும் அதே அரை நொடிதான்.

புகார் கொடுக்கும் அணிகள் அறிய வேண்டிய வித்தியாசம் ஒன்று உண்டு. கண் பார்த்ததில் தவறு வேறு, விதியைப் பொருத்தியதில் தவறு வேறு. பந்து கோட்டைத் தாண்டியதா, ஃபவுலா என்பதில் நடுவர் சொன்னதே முடிவு. ஆனால் விதியையே மாற்றிச் செய்தால் ஆட்டமே ரத்தாகலாம். 2005 செப்டம்பரில் தாஷ்கண்டில் உஸ்பெகிஸ்தான் – பஹ்ரைன் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். உஸ்பெக் அணி பெனால்டியைக் கோலாக்கியது; அதே அணியின் இன்னொருவர் முன்கூட்டியே பெனால்டி பெட்டிக்குள் ஓடியிருந்தார். மறுபடி உதைக்க வைக்க வேண்டிய நடுவர், பஹ்ரைனுக்கு இண்டைரக்ட் ஃப்ரீ கிக் கொடுத்தார். ஃபிஃபா மறு ஆட்டம் வைத்தது. அன்று 1-0 என்று வென்ற உஸ்பெகிஸ்தான், மறு ஆட்டத்தில் 1-1 டிரா செய்து, கடைசியில் பஹ்ரைனிடம் வாய்ப்பை இழந்தது. ஆகவே புகார்த் தாளில் "அநியாயம்" என்று எழுதாதீர்கள். எந்த நிமிடம், எது நடந்தது, நடுவர் எப்படி ஆட்டத்தை மறுபடி தொடங்கினார், விதிப்படி எப்படித் தொடங்கியிருக்க வேண்டும்: நான்கு வரி போதும்.

'மறுபடி தொடங்குதல்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆட்டம் மீண்டும் தொடங்கும் வரை நடுவர் தன் முடிவை மாற்றலாம். தொடங்கிவிட்டால் மாற்ற முடியாது. 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோலில் இதுதான் நடந்தது. ஆஃப்சைடு இல்லை என்பதைத் திரை சரியாகவே காட்டியது. களத்தில் கோல் கொடுத்திருக்கிறார்கள் என்று விஏஆர் (வீடியோ நடுவர்) அறையில் நினைத்துக்கொண்டு "சரி" என்றார்கள். உண்மையில் கொடி உயர்ந்திருந்தது. உணர்வதற்குள் ஃப்ரீ கிக் எடுத்தாகிவிட்டது. இயந்திரம் தப்பவில்லை, பேச்சு தப்பியது. ஊர் ஆட்டத்தில் இதற்கு மருந்து எளிது: லைன் ரெஃப்ரியிடம் கேட்க வேண்டுமென்றால் கேட்டு முடிக்கும் வரை நடுவர் விசிலை வாயில் வைக்கக் கூடாது.

அதே ஆண்டு மார்ச் 3 அன்று பெங்களூருவில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) நாக்-அவுட். கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி சட்டென்று எடுத்த ஃப்ரீ கிக் கோலாக, கேரளா பிளாஸ்டர்ஸ் களத்தை விட்டே வெளியேறியது. விசில் ஊதவில்லை என்பது அவர்கள் வாதம். ஃப்ரீ கிக்குக்கு எப்போதும் விசில் தேவையில்லை, நடுவர் 9.15 மீட்டர் அளந்து சுவரை நிறுத்தத் தொடங்கினால்தான் விசிலுக்குக் காத்திருக்க வேண்டும். எதிரணி பந்தின் மேல் கண் வைத்தே இருக்க வேண்டும், கீப்பர் கம்பத்தோடு பேசிக்கொண்டிருக்கக் கூடாது. வெளியேறியதற்காக அந்த அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடை. நம் ஊர்களில் அணியை வெளியே கூப்பிடும் மேனேஜர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

சத்தம் நடுவரை அசைக்கிறதா? அசைக்கிறது. 2002இல் இங்கிலாந்தில் 40 நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். பாதிப் பேருக்குக் கூட்டத்தின் இரைச்சலோடு, மீதிப் பேருக்கு ஒலியில்லாமல். இரைச்சல் கேட்டவர்கள் சொந்த ஊர் அணிக்கு எதிராக 15.5 சதவீதம் குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். அவர்களை யாரும் விலைக்கு வாங்கவில்லை. சந்தேகம் வரும் இடத்தில் விசில் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். இதை அறிந்தும், நடத்தும் ஊர்க்காரரையே ஃபைனலுக்கு நடுவராகப் போடுகிறோம். அதிலும் மோசம், சம்பளத்தை ஆட்டம் முடிந்ததும் தருவது. உள்ளூர் தோற்றால் கவர் கைக்கு வருமா என்ற யோசனையோடு எந்த மனிதரும் எழுபதாவது நிமிடத்தில் பெனால்டி கொடுக்க மாட்டார். டாஸுக்கு முன் கொடுத்துவிடுங்கள்.

ஆட்டக்காரர் மேல் விழும் அழுத்தம் இதைவிடக் கனமானது. 1994 உலகக் கோப்பையில் தன் கோலிலேயே பந்தை விட்ட கொலம்பியாவின் ஆந்த்ரேஸ் எஸ்கோபார், ஊர் திரும்பிய சில நாட்களில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2021இல் யூரோ ஃபைனலில் பெனால்டியைத் தவறவிட்ட புகாயோ சாகாவுக்கு வயது 19. அவருக்கும், அவரைப் போலவே தவறவிட்ட இங்கிலாந்து அணியின் ரேஷ்ஃபோர்டு, சாஞ்சோவுக்கும் நிறவெறி வசை வந்து குவிந்தது. இங்கே அதன் சின்ன வடிவம் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ். தவறவிட்டவன் பேரைச் சொல்லி ஊரெல்லாம் சுற்றும்.

காசு கொடுத்து வெளியூரிலிருந்து இறக்கப்படும் பையனுக்கு "வலிக்குது" என்று சொல்ல வாய் வராது. ஒரே நாளில் மூன்று ஆட்டம், இடையில் வலி ஊசி, ஏப்ரல் மே வெயில். உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது டைக்ளோஃபெனாக் போன்ற மருந்து சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். வலி மரத்த முட்டியில் ஓடினால் லேசான கிழிசல் முழுக் கிழிசலாகும். குளிர்விக்கும் இடைவேளை ஒன்றரை முதல் மூன்று நிமிடம் வரை விதியே அனுமதிக்கிறது. ஒவ்வொரு பாதியிலும் ஒருமுறை விடுங்கள்.

தலையோடு தலை மோதினால் நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார். "நடிக்கிறான், டைம் வேஸ்ட்!" என்று அப்போதுதான் கூட்டம் கத்தும். மயங்கினாலும், ஸ்கோர் என்ன என்று கேட்டால் திணறினாலும், தள்ளாடினாலும் அன்றைக்கு அவர் ஆட்டம் முடிந்தது. மூச்சு தெளிந்ததும் உள்ளே விடும் வழக்கம் வேண்டாம். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, இரட்டைப் பார்வை, கழுத்து வலி இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. எதுவும் இல்லாவிட்டாலும் அன்றிரவு தொழிலுக்குக் கடலுக்கு அனுப்பக் கூடாது. கரையில் இருந்தால் தூக்கிக்கொண்டு ஓடலாம். பத்துக் கடல் மைல் தள்ளி, ஆடும் படகில் அவர் வாந்தி எடுத்தால், அது கடல் ஒத்துக்கொள்ளாததா தலைக்குள் கசியும் ரத்தமா என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது.