ஆனர் சொசைட்டி: கௌரவமா, சால்பா?

அமெரிக்காவில் பிள்ளைகள் படிக்கும் தமிழ் வீடுகளில், பத்தாம் வகுப்பு நெருங்கியதும் அடிக்கடி காதில் விழும் சொல் 'ஆனர் சொசைட்டி'. "பேத்திக்கு ஆனர் சொசைட்டி கிடைச்சிருக்கு" என்று ஊருக்குப் போன் போட்டுச் சொன்னால், பாட்டிக்குப் பாதி புரியாது, மீதிப் பாதி தப்பாகப் புரியும். நம் ஊரில் சொசைட்டி என்றால் காலையில் பால் ஊற்றும் இடம், இல்லையென்றால் நகைக்கடன் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கம். சரி, தமிழில் சொல்வோம் என்று சொல்லுக்குச் சொல் வைத்தால் 'கௌரவச் சமூகம்' என்று வந்து நிற்கிறது. அது இன்னும் மோசம்.

ஆனர் சொசைட்டி என்பது படிப்பிலும் நடத்தையிலும் தேறிய மாணவர்களைப் பள்ளியே பொறுக்கிச் சேர்க்கும் அமைப்பு. பெயர் கொடுத்தால் மட்டும் போதாது, அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். உயர்நிலைப் பள்ளி அளவில் இந்தப் பெயர் பெரும்பாலும் நேஷனல் ஆனர் சொசைட்டியைக் குறிக்கும். 1921-ல் அமெரிக்கப் பள்ளி முதல்வர்களின் சங்கம் தொடங்கியது அது. முன்னின்றவர் பிட்ஸ்பர்க்கில் பள்ளி முதல்வராக இருந்த எட்வர்ட் ரைனர்சன். நடுநிலைப் பள்ளிக்கான இளையோர் கிளை 1929-ல் வந்தது. கணிதத்துக்கு மட்டும் மியூ ஆல்ஃபா தீட்டா என்று ஒன்று 1957-லிருந்து இருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் மூதாதை ஃபை பீட்டா கப்பா. 1776 டிசம்பர் 5-ஆம் தேதி, வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் சிலர் கூடித் தொடங்கியது. நாடு விடுதலையை அறிவித்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. தொடக்கத்தில் அது ரகசியக் கூட்டம். கைகுலுக்குவதில்கூட ஒரு மறைவுமுறை இருந்தது. கல்வித்திறனுக்கான அடையாளமாக அது மாறியது பிற்பாடு.

இப்போது சொல்லுக்கு வருவோம். ஆனர் இலத்தீன் சொல். (ஆங்கிலத்தில் முதலெழுத்து ஒலிக்காது. 'பி.ஏ. ஆனர்ஸ்' என்று எழுதிய பழைய தலைமுறை சரியாகவே எழுதியது.) பிறர் தரும் மரியாதை என்பது ஒரு பொருள், அரசுப் பதவி என்பது இன்னொன்று. ரோமில் ஒருவர் கீழிருந்து மேலாக ஏறிப்போன பதவிப் படிக்கட்டுக்கே 'ஆனர்களின் பாதை' என்றுதான் பெயர். அதாவது ஆனர் வெளியிலிருந்து வருவது. ஊர் கொடுத்தால் உண்டு. இதற்கு ஒரு வேடிக்கையான சான்றும் இருக்கிறது. மார்செல்லஸ் என்ற தளபதி, ஆனர் தெய்வத்துக்கும் அறத்திண்மைத் தெய்வத்துக்கும் சேர்த்து ஒரே சன்னதி எழுப்பப் பார்த்தார். இரண்டு தெய்வத்துக்கு ஒரே கருவறை ஆகாது என்று பூசகர்கள் மறுத்துவிட்டார்கள். தனித்தனியாகத்தான் கட்ட வேண்டி வந்தது. மரியாதை ஒரு வாசல், உள்ளே இருக்கும் தகுதி இன்னொரு வாசல்.

தமிழில் ஆனருக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது கௌரவம். குரு என்னும் வடசொல்லுக்குக் கனமானது என்று பொருள். கௌரவம் அதிலிருந்து பிறந்த கனம். ஆனால் இன்றைய தமிழில் அதன் கனம் குறைந்துவிட்டது. கௌரவத் தலைவர் என்றால் பெயருக்குத் தலைவர். கௌரவ விரிவுரையாளர் என்றால் நிரந்தரப் பணி இல்லாமல் தொகுப்பூதியத்தில் பாடம் எடுப்பவர். இதே ஆங்கிலச் சொல்லைக் கொலையோடு சேர்த்துக் 'கௌரவக் கொலை' என்று எழுதியதில் என்ன கௌரவம் என்று கேட்டுத்தான் 'ஆணவக் கொலை' என்ற சொல் நிலைபெற்றது. ஆகவே 'கௌரவச் சங்கம்' என்று எழுதினால், பெயரளவுச் சங்கம் என்றோ வேறு ஏதோ என்றோ படும். மரியாதை வேறு, அதன் வேர்ப்பொருள் எல்லை, வரம்பு. மானம் இன்னும் தள்ளி நிற்பது. மதிப்பு ஓரளவு ஒத்துவரும், ஆனால் இங்கே மதிப்பெண்ணோடு குழம்பும்.

அப்படியானால் நேஷனல் ஆனர் சொசைட்டி எதை மதிக்கிறது? தூண்கள் நான்கு என்கிறது: ஸ்காலர்ஷிப், சர்வீஸ், லீடர்ஷிப், கேரக்டர். முதல் சொல்லில் நம்மவர்கள் இடறுவார்கள். இங்கே ஸ்காலர்ஷிப் உதவித்தொகை அன்று, கல்வித்திறன். 4.0 அளவையில் குறைந்தது 3.0 மதிப்பெண் சராசரி வேண்டும். பள்ளிகள் விரும்பினால் இதை உயர்த்திக்கொள்ளலாம். மற்ற மூன்றும் தொண்டு, தலைமை, ஒழுக்கம். மதிப்பெண்ணை எண்ணிவிடலாம். ஒழுக்கத்தை எதை வைத்து அளப்பது? முதல்வர் நியமிக்கும் ஐந்து ஆசிரியர்கள் கூடி வாக்களித்து முடிவு செய்கிறார்கள். 1998-ல் கென்டக்கி மாநிலத்தின் கிராண்ட் கவுன்டியில், மதிப்பெண் தகுதி இருந்தும் இரண்டு மாணவிகளைச் சேர்க்கவில்லை. ஒருவர் கர்ப்பிணி, மற்றவர் குழந்தை பெற்றவர். விவகாரம் கூட்டாட்சி நீதிமன்றம் போய், அவர்களைச் சேர்க்கும்படி உத்தரவு வந்தது. ஒழுக்கம் என்ற தூணில் யார் யாரோ சாய்ந்துகொள்ள முடியும் என்பதற்கு அது சாட்சி.

தூண் என்றதும் எனக்குக் குறள்தான் நினைவுக்கு வந்தது. சான்றாண்மை அதிகாரத்தில் 'அன்புநாண் ஒப்புரவு கண்ணோட்டம் வாய்மையொடு ஐந்துசால்பு ஊன்றிய தூண்' என்கிறார் வள்ளுவர். அவர் கணக்கில் தூண் ஐந்து. அவற்றில் படிப்பும் இல்லை, தலைமையும் இல்லை. சால்பு என்பது சால் என்ற வினையிலிருந்து வருவது. நிறைதல், மிகுதல் என்று பொருள். ஆனர் வெளியிலிருந்து வருவது, சால்பு உள்ளே நிறைவது. 'சால்பு மன்றம்' என்று பெயர் வைக்க எனக்கு ஆசைதான். ஆனால் 3.0 சராசரியும் ஐந்து பேர் வாக்கும் இருந்தால் கிடைக்கும் ஒன்றுக்கு அந்தச் சொல் தாங்காத பாரம்.

ஏனென்றால், வெளிப்படையாகச் சொன்னால், இதில் சேர்வது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. பல கல்லூரிகளுக்கும் பொதுவாக இருக்கும் காமன் ஆப் விண்ணப்பத்தில் சிறப்புகளுக்கு ஐந்து இடம், செயல்பாடுகளுக்குப் பத்து இடம். ஆனர் சொசைட்டி அதில் ஒரு வரி. நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள் பெரும்பாலோர் அதே வரியை எழுதியிருப்பதால், போட்டி மிகுந்த கல்லூரிகளில் அது யாரையும் நிமிர்ந்து உட்கார வைக்காது. கிடைக்கவில்லை என்று வீட்டில் இழவு வீடு போல் உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். கைக்கு வரும் லாபம் என்று பார்த்தால், கடைசி ஆண்டு உறுப்பினர்கள் மட்டும் போட்டியிடக்கூடிய உதவித்தொகை உண்டு. தொண்டுக்காக வாரம்தோறும் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு, அந்த உறுப்பினர் அட்டையைவிட அந்த வாரங்களைப் பற்றி எழுத நிறைய இருக்கும். இன்னொன்று: 'உங்கள் பிள்ளை தேர்வாகியிருக்கிறார், இத்தனை டாலர் அனுப்புங்கள்' என்று கௌரவமான பெயரோடு தபாலில் வரும் கடிதங்கள் வேறு வகை. பள்ளி ஆலோசகரைக் கேட்காமல் காசு அனுப்பாதீர்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தகைசால்' என்று ஒரு சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2021 முதல் 'தகைசால் தமிழர்' விருது தருகிறது. 'தகைசால் பள்ளி' என்றும் திட்டம் உண்டு. தகுதி மிக்க என்று பொருள். சால்பு இருக்கிற அதே சால் இதிலும் இருக்கிறது, ஆனால் பள்ளிப் பிள்ளை தூக்கக்கூடிய அளவில்.

அடுத்தது சொசைட்டி. தோழன், கூட்டாளி என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது, ஆகவே சமூகம் இங்கே ஒட்டாது. சங்கம் என்றால் தொழிற்சங்கமோ சாதிச் சங்கமோ முன்னால் வரும். கழகம் கட்சியாகிவிட்டது. அதுவும் போக, வள்ளுவர் காலத்தில் கழகம் என்றால் சூதாடும் இடம். சூது அதிகாரத்தில் இரண்டு இடத்தில் அப்படித்தான் வருகிறது. பேத்தியைக் கழகத்தில் சேர்த்திருக்கிறோம் என்றால் அவர் பதறியிருப்பார். மன்றம் நல்லது. ஊர் நடுவே மரத்தடியில் எல்லோரும் கூடும் இடம் அது, பள்ளிகளில் இலக்கிய மன்றம், அறிவியல் மன்றம் என்று பழகியும் இருக்கிறது.

ஆகவே ஆனர் சொசைட்டி 'தகைசால் மாணவர் மன்றம்'. மெழுகுவத்தி ஏற்றி, உறுதிமொழி சொல்லிப் புதியவர்களைச் சேர்க்கும் 'இண்டக்‌ஷன்' நிகழ்ச்சிக்குச் 'சேர்ப்பு விழா' போதும். பாட்டியிடம் சொல்லும்போது "நல்லாப் படிக்கிற பிள்ளைங்க மன்றத்துல எடுத்திருக்காங்க" என்று சொல்லுங்கள். எத்தனை மார்க் என்று அவர் கேட்கத்தான் போகிறார்.