ரிட்ரீட் என்பதற்குத் தமிழ் என்ன?

காரைக்குடியில் போன மாதம் ஓர் அறிவிப்புத் தாள் என் கைக்கு வந்தது. இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் மூன்று வாரம் தங்கி, கண்ணால் காண்பதைக் கண்டபடியே வரையக் கற்றுக்கொள்ள ஆள் சேர்க்கிறார்கள். ஆங்கிலத்தின் 'ரியலிஸ்டிக்', 'ரிட்ரீட்' இரண்டையும் தமிழாக்கித் தமிழ்ப் பக்கத்துக்கு வைத்த தலைப்பு: 'யதார்த்த ஓவியப் பின்வாங்கல்'. என் அண்ணன் மகள் ஏற்கெனவே அப்படி ஒன்றுக்கு ஃப்ளாரன்ஸ் போய்வந்தவள். தாளைப் பார்த்துவிட்டு, "பின்வாங்கல்னா போகாம இருந்துடுறதுல்ல அத்தை?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. படம் வரையச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். எனக்கே அந்தச் சொல்லுக்கு உடனே பதில் வரவில்லை.

ரிட்ரீட், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். வேர் லத்தீனில் இருக்கிறது: ரெட்ராஹெரே. 'ரெ' என்றால் பின்னால், 'ட்ராஹெரே' என்றால் இழுத்தல். படை பின்வாங்குவதற்கும், அதற்காக எழுப்பும் ஒலிக்கும் அந்தப் பெயர் வந்தது. குடியரசு நாள் விழாவை முடித்துவைக்க ஜனவரி 29 மாலையில் டெல்லியில் நடக்கும் 'பீட்டிங் ரிட்ரீட்' அந்தப் படை வழக்கின் மிச்சம்தான். அப்புறம் சமயத்துக்குள் போனது. உலகக் காரியங்களை நிறுத்திவிட்டு ஓரிடத்தில் ஒதுங்கி மனத்தைப் பழக்குவது ரிட்ரீட் ஆயிற்று. இயேசு சபையை நிறுவிய இக்னேசியஸ் லொயோலா வகுத்து, 1548இல் போப்பின் ஒப்புதல் பெற்ற பயிற்சி முப்பது நாள் கொண்டது. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் இந்த ஒதுக்கத்தைத் 'தியானம்' என்றே சொல்கிறார்கள். அவர்களுக்கு அது பொருந்துகிறது. ஓவியத்துக்கு அதை எடுத்துக்கொண்டால் படிக்கிறவர் கண்ணை மூடி உட்காருவதாக நினைத்துக்கொள்வார். இங்கேயோ கண்ணைத் திறந்து வைத்திருப்பதே முழு வேலை.

அந்த ட்ராஹெரேவுக்கு இன்னும் பிள்ளைகள் உண்டு. முகம் பார்த்து வரையும் போர்ட்ரெயிட், 'முன்னால் இழுத்தல்' என்ற சொல்லிலிருந்து வந்தது. உருவத்தை உள்ளபடி காட்டாத ஓவியத்துக்குச் சொல்லும் அப்ஸ்ட்ராக்ட், 'விலக்கி இழுத்தல்'. ஆங்கிலத்தின் 'ட்ரா' வேறு வேரிலிருந்து வந்தாலும் அதற்கும் இழு, வரை என்று இரண்டு பொருள். நாமும் கோட்டை இழுக்கத்தானே செய்கிறோம்? வரைகிறவர்கள் எந்த மொழிக்காரராக இருந்தாலும் கைக்குத் தெரிவது ஒரே இழுப்புதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அண்ணன் மகள் அங்கே கற்றது 'சைட்-சைஸ்' முறை. பார்வையளவு முறை என்று சொல்லலாம். வரைய வேண்டிய சுண்ணச் சிலையையும் தாள் ஒட்டிய பலகையையும் அருகருகே நிறுத்துவார்கள். சில அடி பின்னால் தரையில் ஒரு குறி இருக்கும். அங்கே நின்றுதான் பார்க்க வேண்டும். சிலையும் படமும் அங்கிருந்து ஒரே அளவாகத் தெரியும். பார்த்ததை மனத்தில் வாங்கிக்கொண்டு முன்னே நடந்து ஒரு கோடு. மறுபடி குறிக்கு வந்து, சரியா என்று பார்வை. தப்பென்றால் அழித்துவிட்டு இன்னொரு நடை. "வரைஞ்சதைவிட நடந்ததுதான் அத்தை அதிகம்" என்றாள். ஒரு காதை வரைய அவளுக்கு நான்கு நாள் ஆகியிருக்கிறது. இதைக் கேட்டபோது ரிட்ரீட்டின் வேர்ப்பொருள் என் கண்முன் நின்றது. ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் வந்தால்தான் முகம் முன்னால் வரும்.

இதை ஏன் ஊரைவிட்டுப் போய்ச் செய்ய வேண்டும்? ஒரு காரணம் வெளிச்சம். ஐரோப்பாவில் வடக்குப் பக்கம் சன்னல் வைத்த அறையில் நேர்வெயில் விழுவது அபூர்வம். நிழல் மணிக்கணக்கில் இடம் மாறாது. நம் ஊரில் அந்த வசதி இல்லை. காரைக்குடி நிலநடுக்கோட்டுக்குப் பத்து பாகைதான் வடக்கே இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடும், வடக்குச் சன்னலிலும் வெயில் அடிக்கும். திரும்பி வந்தபின் அவள் எங்கள் வீட்டு இரண்டாம் வளவில், அதாவது உள்முற்றத்தில், மேலே வெள்ளைத் துணி கட்டி வரைகிறாள். முற்றத்து வெளிச்சம் மேலிருந்து இறங்குவதால் மூக்கின் கீழும் தாடையின் கீழும் நிழல் கனத்து விழுகிறது. ஃப்ளாரன்ஸ் முகங்களில் அது இருக்காது. எனக்கு இதுதான் அதிகம் பிடித்திருக்கிறது.

இன்னொரு காரணம் பழக்கம். பாரிசுக்குத் தெற்கே ஃபோன்டென்ப்ளோ காட்டோரம் பார்பிசோன் என்ற சிற்றூர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓவியர்கள் அங்கிருந்த விடுதியில் தங்கிக் காட்டுக்குள் போய் வரைந்தார்கள். அதுவரை எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப் பையில் கட்டி வைத்திருந்தார்கள். 1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் வண்ணம் அடைக்கும் தகரக் குழாயைக் கொண்டுவந்ததும் வெளியூர் போய் வரைவது எளிதாயிற்று. தங்கி வரையும் வழக்கம் இப்படித்தான் பரவியது.

'ரியலிஸ்டிக்' பற்றியும் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் 'ரெஸ்' என்றால் பொருள், வஸ்து. பிரெஞ்சு ஓவியர் கூர்பே 1855இல் பாரிசில் தனிக் கூடாரம் போட்டு ரியலிசம் என்று பெயர் வைத்தது, உழைக்கும் மக்களைப் படத்துக்குள் கொண்டுவந்த ஓர் இயக்கத்துக்கு. அதற்கு நடப்பியல், யதார்த்தவாதம் இரண்டும் சரி. வடிவத்தை உள்ளபடி கொண்டுவரும் திறமை வேறு. அரசரை வரைந்தாலும் சாமியை வரைந்தாலும் அந்தத் திறமை தெரியும். செட்டிநாட்டு வீடுகளில் தொங்கும் ரவி வர்மா அச்சுப் படங்களைப் பார்த்தாலே விளங்கும். இதை 'மெய்யுரு ஓவியம்' என்று சொல்ல விரும்புகிறேன். மூழ்கிக் கற்பதற்கோ புதுச்சொல்லே வேண்டாம். ஓவியர்களை மதுரைக்காஞ்சி 'நுண்ணிதின் உணர்ந்த நுழைந்த நோக்கின் கண்ணுள் வினைஞர்' என்கிறது. நுழைந்த நோக்கு! ஒரு காதுக்கு நான்கு நாள் நின்றவளுக்கு இதைவிட என்ன சொல்வது?

சரி, ரிட்ரீட்டுக்கு வருவோம். வெளிநாடு போய், ஒரே கூரையின் கீழ் தங்கி, பெரியவர் பக்கத்தில் இருந்து தொழில் படிப்பது செட்டிநாட்டுக்குப் புதிதில்லை. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ரங்கூனிலும் வட்டித் தொழில் நடந்த கிட்டங்கிகள் கடையும் வீடுமாக இருந்தவை. சின்ன வயதில் போகிறவன் பெட்டியடிப் பையன். அடுத்தாளாகி, மேலாளாக உயர்வான். வட்டிக் கணக்கை யாரும் அவனுக்குப் பாடமாக நடத்தவில்லை. பணப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்து படித்தான். 'ஓவியப் பெட்டியடி' என்று வைக்கலாமா என்றுகூட ஒருநாள் நினைத்தேன். வெளியூர்க்காரருக்குப் புரியாது என்று விட்டுவிட்டேன்.

விட மனமில்லாத சொல் 'பள்ளி'. முதற்பொருள் படுக்கை, படுக்கும் இடம். அதனால்தான் பள்ளியறை, பள்ளியெழுச்சி. சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடம் பள்ளி ஆனது, அவர்கள் சொல்லிக்கொடுத்ததால் கற்கும் இடமும் பள்ளி ஆனது. இங்கிருந்து புதுக்கோட்டைப் பக்கம் போனால் சித்தன்னவாசல். குன்றின் ஒரு புறம் துறவிகள் படுத்த வழவழப்பான கற்படுக்கைகள், மறுபுறம் ஒன்பதாம் நூற்றாண்டில் வரைந்த தாமரைக் குளம், யானையும் மீனும் பூப்பறிக்கிறவர்களுமாக. ஒதுங்கித் தங்குவதும் ஓவியமும் ஒரே குன்றில் இருக்கின்றன. ஆனால் இன்று 'ஓவியப் பள்ளி' என்றால் காலையில் போய் மாலையில் திரும்பும் இடம்தான் நினைவுக்கு வருகிறது. படுக்கை என்ற பொருள் அந்தச் சொல்லில் தூங்கிப்போய்விட்டது.

'ஓய்வு முகாம்' என்று சிலர் எழுதுகிறார்கள். நாளெல்லாம் நிற்கிறவர்களுக்கு எங்கே ஓய்வு? 'பட்டறை' என்றால் தங்க வேண்டியதில்லை. 'உறைவிடப் பயிற்சி' பொருளில் சரிதான், ஆனால் அரசு ஆணைபோல ஒலிக்கிறது. இங்கே யாரும் வாயைத் திறந்தால் சொல்வது, "தங்கிப் படிக்கப் போறா" என்பதுதான். அதிலிருந்தே எடுத்துக்கொண்டேன்: ஓவியத் தங்கல். தங்கலுக்குப் போகிறாள், தங்கலில் இருக்கிறாள், தங்கல் முடிந்து வந்தாள். எல்லா வேற்றுமைக்கும் வளைகிறது.

எண்பது தாண்டிய என் ஆத்தாவிடம் சொல்லிப் பார்த்தேன். சொல் அவருக்கு உடனே புரிந்தது. குறை வேறு இடத்தில். "மூணு வாரத்துல என்னத்தப் படிக்கிறது? எங்க அப்பச்சி பினாங்குக்குப் போனா ஒரு கணக்கு முடிஞ்சு வர மூணு வருசம் ஆகும்." ஃப்ளாரன்ஸிலும் முழுப் படிப்பு மூன்று நான்கு ஆண்டு ஓடும் என்று பேத்தி சொன்னதும், "அப்ப அதுக்குப் போ" என்றார்.

அறிவிப்புத் தாளின் தமிழ்ப் பக்கத்தைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன். தலைப்பு: 'ஃப்ளாரன்ஸில் மூன்று வார மெய்யுரு ஓவியத் தங்கல்'.