லாரிக்காரரை ஏன் அடிக்கவில்லை?

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்தன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்தது. குடும்பநல ஆலோசகராக அந்த மாதங்களில் நான் கேட்ட சண்டைகளில் பல, குடத்தில் தொடங்கியவை.

ஒரு பெண் வீங்கிய மணிக்கட்டோடு வந்தார் (ஆள் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). விடியற்காலை நான்கு மணியிலிருந்து லாரி வரிசையில் நின்றிருக்கிறார். முறை வரும்போது எட்டு மணி. காலைச் சமையல் ஆகவில்லை என்று கணவர் கையை முறுக்கிவிட்டார்.

"தண்ணீர் வந்துவிட்டால் அவரும் சரியாகிவிடுவார், மேடம்."

கூட வந்த மாமியாரும் அதையே சொன்னார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஏரிகளை ஆக்கிரமித்து, நிலத்தடி நீரை உறிஞ்சித் தீர்த்த பாவம் எல்லாம் கடைசியில் குடம் சுமக்கும் இடுப்பில்தான் வந்து இறங்குகிறது. பற்றாக்குறையும் கடனும் குடியும் வீட்டில் சூட்டை ஏற்றத்தான் செய்யும்.

நான் ஒன்று மட்டும் கேட்டேன். "லாரி தாமதமாக வந்ததற்கு உங்கள் கணவர் டிரைவரை அடித்தாரா?" அந்தப் பெண் என்னை விநோதமாகப் பார்த்தார். டிரைவரை "அண்ணே" என்று அழைத்து, இன்னும் ஒரு குடம் கேட்டு வாங்கினாராம் கணவர். வீட்டு உரிமையாளர் வாடகையை ஏற்றியபோதும் தலையாட்டிவிட்டு வந்தவர்தான். அடக்க முடியாத கோபம் என்றால், அது எப்படி ஆள் பார்த்து வருகிறது?

இதே இடத்தில் நானும் சறுக்கியிருக்கிறேன். காரணத்தைச் சரிசெய்தால் அடி நின்றுவிடும் என்று நம்பி, குடிநிறுத்தச் சிகிச்சைக்கு ஆட்களை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்த காலம் உண்டு. குடியை விட்ட பிறகு நிதானமாக அடித்தவர்களைப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது.

இப்போதெல்லாம் ஏன் அடித்தார் என்பதற்கு முன்பு, கழுத்தை நெரித்தாரா என்று கேட்கிறேன். வெளியே தடயமே இல்லாமல் போகலாம். குரல் கம்மினாலோ, விழுங்கும்போது வலித்தாலோ, சற்று நேரம் நினைவு தப்பியிருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒருமுறை கழுத்தில் கை வைத்தவர் பின்னர் கொலைவரை போகும் அபாயம் மிக அதிகம். இதை "லேசாகத்தான் பிடித்தார்" என்று பெண்கள் போகிற போக்கில் சொல்வதுதான் எனக்குப் பயம்.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடிப்பதை மட்டும் வன்முறையாகப் பார்ப்பதில்லை. வசவு, மிரட்டல், பாலியல் கொடுமை, செலவுக்குப் பணம் தராதது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது எல்லாம் அதில் அடங்கும். வாழ்ந்த வீடு தன் பெயரில் இல்லாவிட்டாலும் அங்கே வசிக்கும் உரிமையைப் பெண் கோரலாம். புகாரை அறிக்கையாகப் பதிந்து நீதிமன்றத்துக்கு அனுப்பப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவரிடம் போகும் வழி தெரியாவிட்டால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைக்கலாம்.

அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை வந்தது. டிசம்பரில் அந்தப் பெண் மறுபடியும் வந்தார். குழாயில் தண்ணீர் வருகிறதாம். இந்த முறை குழம்பில் உப்பு. மாமியார் கூட வரவில்லை. ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் எடுத்துவந்திருந்தார். பாதுகாப்பு அலுவலரின் முகவரியைத் தாளில் எழுதித் தரச் சொன்னார்.